ஆவிப்பெட்டி சொன்ன சம்பளம்

லுகாங் ஊருக்கு மேற்கே, கடல் காற்று உப்போடு வந்து இறங்கும் இடத்தில் ஒரு தண்ணீர்க்குழாய்த் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே மதியச் சாப்பாட்டு டப்பாக்களைச் சூடாக்கும் ஆவிப்பெட்டி, லோ யின்மெய்யின் மாதச் சம்பளத்தை அவள் குரலிலேயே தினமும் சொல்லிவந்தது. கதவைத் திறந்ததும் முதலில் ஆவி வரும், ஆவிக்குப் பின்னால் குரல் வரும், குரலுக்குப் பின்னால்தான் சோற்று வாசனை வரும். "எனக்கு முப்பத்தோராயிரத்து ஐநூறு" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு அடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. சந்திரப் புத்தாண்டு விடுமுறை முடிந்து வரும் முதல் நாள் மட்டும் குரல் கொஞ்சம் கரகரப்பாக இருக்கும் என்று சிலர் சொன்னார்கள். அது அவர்களாகக் கட்டிவிட்ட கதை.

யின்மெய் குழாய்களில் கசிவு பார்ப்பவள். பித்தளைக் குழாயின் வாயை அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, தொட்டித் தண்ணீரில் முக்கிப் பிடிப்பாள். குமிழி வந்தால் அந்தக் குழாய் சிவப்புக் கூடைக்குப் போகும், வராவிட்டால் பச்சைக் கூடைக்கு. பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்தவள் பிஷியா, ஆறேழு வயது மூத்தவள். பிஷியாவின் புருஷன் சிப்பி வளர்ப்பில் மூட்டை தூக்கித் தூக்கி முதுகு போய் வீட்டோடு இருந்தான். பிள்ளை ஒருவன் படித்துக்கொண்டிருந்தான். யின்மெய்யை இந்தத் தொழிற்சாலைக்குக் கைபிடித்துக் கூட்டிவந்ததே பிஷியாதான். யின்மெய்க்குத் தைசூங் நகரத்தில் ஒரு கல்யாணம் நடந்து, நிலைக்காமல் போய், அவள் லுகாங்குக்குத் திரும்பி வந்து ஒரு ஊதுவத்திக் கடையின் மாடியில் அறை எடுத்திருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் அறைக்குள் போனால் திங்கட்கிழமை காலை வரை அவளோடு பேச ஆள் கிடையாது. அதனால் திங்கட்கிழமை அவள் சொல்லும் முதல் வார்த்தை தொண்டையில் சிக்கிக்கொண்டுதான் வரும்.

"என்னடி, ரெண்டு நாளா வாயே தொறக்கலையா? தொண்டைக்கு எண்ணெய் போடணும் போல," என்பாள் பிஷியா.

"போட்டுட்டு வந்தாலும் உங்க வாய்க்கு ஈடு குடுக்க முடியுமாக்கா?" என்பாள் யின்மெய். அதோடு வாரம் தொடங்கிவிடும்.

தொழிற்சாலையில் முதலாளி இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வார், முதலாளியம்மா காசைப் பார்த்துக்கொள்வார். எங்கள் பக்கத்தில் எல்லாத் தொழிற்சாலையிலும் அப்படித்தான். ஐந்தாம் தேதி முதலாளியம்மா ஒவ்வொருவராக உள்ளறைக்குக் கூப்பிட்டு, ஒட்டிய உறையில் சம்பளம் கொடுப்பார். யாரும் யாரிடமும் தொகையைச் சொல்வதில்லை என்று எல்லோரும் சேரும்போதே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் ஊரில் பேருந்து நிறுத்தத்தில் முன்பின் தெரியாதவள்கூட உங்களுக்குக் கல்யாணம் ஆயிற்றா, ஏன் இன்னும் குழந்தை இல்லை, வீட்டு வாடகை எவ்வளவு என்று வரிசையாகக் கேட்பாள். புத்தாண்டுக்கு வரும் அத்தை உட்காருவதற்கு முன்னாலேயே சம்பளத்தைக் கேட்டுவிடுவாள். பக்கத்தில் நின்று நாள் முழுக்க அதே தொட்டியில் கையை நனைப்பவள் மட்டும் கேட்கக்கூடாது. யாரும் அதை விசித்திரமாக நினைக்கவில்லை.

பிஷியாவின் மகனுக்குத் தைபேயில் கல்லூரியில் இடம் கிடைத்தது. சம்பளம் கூட்டித் தரச் சொல்லிக் கேட்பது என்று பிஷியா முடிவுசெய்தாள். முடிவுசெய்த பிறகு இரண்டு வாரம் உள்ளறை வாசல்வரை போய்ப்போய்த் திரும்பினாள். ஒரு மத்தியானம் ஆவிப்பெட்டியின் முன்னால் நின்றுகொண்டு, யாருக்கும் கேட்காத குரலில், "எவ்வளவு கேட்டா திட்டு விழாது? எனக்கு ஒரு கணக்கும் புரியலடி," என்றாள்.

யின்மெய் அந்த நேரம் பெட்டியின் கதவைத் திறந்துகொண்டிருந்தாள். அவளிடம் கொடுக்க வேறெதுவும் இல்லை. தனக்குத் தெரிந்த ஒரே தொகையைக் கொடுத்தாள். "எனக்கு முப்பத்தோராயிரத்து ஐநூறு," என்றாள். "அதுக்கு மேல கேளுங்கக்கா. நீங்க எனக்கு முன்னாடி வந்தவங்க."

ஆவி இருவர் முகத்திலும் அடித்தது. பிஷியா டப்பாவின் மேல் கையை வைத்தவள் அப்படியே நின்றாள். பிறகு "சூடு" என்று சொல்லிக் கையை இழுத்துக்கொண்டாள். பாத்திரம் எடுக்கும் துணி அவள் கையிலேயே இருந்தது. துணியைச் சுற்றி டப்பாவை எடுத்துக்கொண்டு ஜன்னலோர மேசைக்குப் போய், பொட்டலம் கட்டும் பெண்களோடு உட்கார்ந்தாள். பத்து வருஷத்தில் அவள் அங்கே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சாப்பாடு முடிந்து இருவரும் தொட்டிக்குத் திரும்பினார்கள். அன்றைக்கு முழுக்க பிஷியா குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பளம் கேட்க அவள் போகவும் இல்லை, அதற்குப் பிறகு யின்மெய்யின் முகத்தைப் பார்த்துப் பேசவும் இல்லை.

மறுநாள் மத்தியானம் கதவைத் திறந்தபோது ஆவிப்பெட்டி பேசியது. முந்தின நாள் யின்மெய் சொன்ன முதல் வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டிருந்தது. சாப்பாட்டறையில் இருந்தவர்கள் சத்தம் யின்மெய்யிடமிருந்து வந்ததாக நினைத்து அவளைப் பார்த்தார்கள். அவள் வாயில் முள்ளங்கித் துண்டு இருந்தது. மூன்றாம் நாளும் அதேதான். நான்காம் நாள் முதலாளியம்மா வந்து நின்று காதால் கேட்டுவிட்டு, ஜாங்ஹுவாவிலிருந்து பழுது பார்ப்பவனை வரவழைத்தார். அவன் கதவின் ரப்பரை மாற்றி, தண்ணீர்த் தட்டைச் சுரண்டி, கூலி வாங்கிக்கொண்டு போனான். குரல் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. புதுப்பெட்டி ஒன்று வாங்கினார்கள். பழையதை இரும்புக்காரனுக்குப் போட்டார்கள். குரல் இரும்புக்காரனோடு போகாமல் புதுப்பெட்டிக்கு மாறிக்கொண்டது.

முதலாளியம்மா மாட்சு அம்மன் கோயிலுக்குப் போய்ப் பழங்கள் படைத்து, இந்தக் குரல் போகுமா போகாதா என்று பிறைக்கட்டைகளை உருட்டிக் கேட்டார். கட்டைகள் இரண்டும் தட்டைப் பக்கம் மேலே தெரிய விழுந்தன. அம்மன் பதில் தராமல் சிரிக்கிறாள் என்று அதற்கு அர்த்தம். மறுபடி உருட்டினார். மறுபடியும் சிரிப்பு. "எனக்குத் தலை போற காரியம், இவளுக்கு வெளையாட்டு," என்று வெளியே வந்து செருப்பு மாட்டும்போது அவர் சொன்னதைப் பூக்காரி கேட்டிருக்கிறாள்.

அந்த வருஷம் ஆண்டிறுதி விருந்தில் இன்னொன்று நடக்க இருந்தது. விருந்தில் முழுக்கோழி வரும்போது அதன் தலை யாரைப் பார்த்து வைக்கப்படுகிறதோ அவருக்குப் புத்தாண்டுக்குப் பிறகு வேலை இல்லை என்று ஒரு வழக்கம். இப்போதெல்லாம் முதலாளிகள் தலையைத் தம் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வார்கள், எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். முதலாளியம்மா கோழித் தட்டை யின்மெய்யின் பக்கமாகப் பாதி திருப்பினார். பிறகு அவர் முகத்தில் யோசனை ஓடியது. மெதுவாகத் தட்டைத் தம் பக்கமே திருப்பிக்கொண்டார். வீட்டுக்குப் போகும் வழியில் புருஷனிடம் சொன்னாராம்: "அவளை அனுப்பிட்டுக் குரல் இங்கயே தங்கிடுச்சுன்னா? அப்ப நான் யாரைத் திட்டுறது?"

ஆகவே யின்மெய் தங்கினாள். அவள் சம்பளமும் தங்கியது. அதைக் கூட்டினால் மறுநாளே பெட்டி புதுத்தொகையைச் சொல்லிவிடுமோ என்று முதலாளியம்மாவுக்குப் பயம். மற்றவர்களுக்கு வருஷா வருஷம் உள்ளறையில் ஏதோ கூடியது, அவளுக்குக் கூடவில்லை. சாப்பாட்டறைப் பழக்கமும் மாறியது. அவளோடு உட்கார்ந்தால் தாங்களும் தொகையைச் சொன்னவர்கள் பட்டியலில் சேர்ந்துவிடுவோம் என்று பயந்தவர்கள் பாதி. மீதிப் பேருக்கு அந்தத் தொகையைக் கேட்டதும் மனசுக்குள் தங்கள் தொகை வந்து பக்கத்தில் நின்றுகொண்டது. அவளைவிட அதிகம் வாங்கியவள் அவளைப் பார்க்கக் கூசினாள், குறைவாக வாங்கியவளும் கூசினாள். எல்லோரும் பொட்டலக் கொட்டகையில் அட்டைப்பெட்டிகள் மேல் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். ஆனால் ஆறிய சோறு யாருக்கு இறங்கும்? டப்பாக்களை மட்டும் பெட்டியில் வைப்பார்கள். மத்தியானம் வாசலுக்கு வெளியே நின்று, யின்மெய் கதவைத் திறக்கும்வரை, குரல் வந்து போகும்வரை காத்திருப்பார்கள். பிறகு வரிசையாக உள்ளே வந்து, தலையைக் குனிந்தபடி டப்பாவை எடுத்துக்கொண்டு போவார்கள்.

இப்படி ஆறு வருஷம் ஓடியது. நாற்பது பேருக்குப் போட்ட சாப்பாட்டறையில் யின்மெய் ஒருத்தி உட்கார்ந்து சாப்பிட்டாள். முதல் வருஷம் அவள் அந்தக் குரலை வெறுத்தாள். வாயை மூடித் தொலைக்க மாட்டாயா என்று கதவைப் படீரென்று சாத்தினாள். இரண்டாவது வருஷம் பழகிவிட்டது. எப்போது என்று அவளுக்கே தெரியாது, குரல் தொகையைச் சொன்னதும் "ஆமா, அவ்வளவுதான்" என்று பதில் சொல்ல ஆரம்பித்திருந்தாள். மூன்றாவது வருஷம் ஒரு நாள், அந்தக் குரலில் இருந்த பிரியம் அவள் காதில் விழுந்தது. அது பிஷியாவிடம் பேசிய குரல். இந்தா அக்கா, எடுத்துக்கோ என்று நீட்டுகிற குரல். இப்போது அவளுக்கு அந்தக் குரல் வருவதில்லை. கடைக்காரனிடமும், வாடகை வாங்க வருபவரிடமும் பேசும் குரல் வேறு. தான் ஒருத்தியோடு அப்படிப் பேசியிருக்கிறோம் என்பதற்கு அந்தப் பெட்டி மட்டுமே சாட்சி.

பிஷியா ஓரடி தள்ளித்தான் நின்றாள், ஒவ்வொரு நாளும். "அந்தக் கூடையத் தள்ளு", "காத்து கம்மியா வருது" என்பதற்கு மேல் பேச்சில்லை. அக்காவுக்கு என்னைவிட அதிகமா, அதனால் மறைக்கிறாளா, குறைவா, அதனால் எரிகிறதா என்று யின்மெய் இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தாள். கேட்டுவிடலாம் என்று வாய்வரைக்கும் வரும். ஒரு தொகையைச் சொன்னதற்கே இந்தக் கதி, இன்னொரு தொகையைக் கேட்டால் அந்த ஓரடியும் போய்விடும் என்று விழுங்கிக்கொள்வாள். அவளுக்கு வேண்டியது தொகை இல்லை. அக்கா ஒரு திங்கட்கிழமை திரும்பிப் பார்த்து, தொண்டைக்கு எண்ணெய் போடச் சொன்னால் போதும்.

ஆறாவது வருஷம் இலையுதிர்காலக் காற்று தொடங்கிய சமயத்தில் பிஷியா வேலையை விட்டாள். மகனுக்குத் தாவ்யுவானில் வேலை, கல்யாணம், கைக்குழந்தை. பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கடைசி நாள் எல்லோருக்கும் மாட்டு நாக்கு வடிவத்து பிஸ்கட் ஒவ்வொரு பொட்டலம் கொடுத்தாள். யின்மெய்க்கும் ஒன்று, எல்லோருக்கும் கொடுத்ததே, கூடவும் இல்லை குறையவும் இல்லை. "உடம்பைப் பாத்துக்கோ," என்றாள், பொட்டலத்தைப் பார்த்து. வேலை முடிந்து எல்லோரும் வாசலைத் தாண்டிய பிறகு அவள் மட்டும் கழுத்துத்துணியை மறந்துவிட்டேன் என்று சாப்பாட்டறைக்குத் திரும்பிப் போனதைக் காவல்காரர் பார்த்தார். கழுத்துத்துணி அவள் கழுத்திலேயே இருந்தது என்று அவர் பிற்பாடு சொன்னார்.

மறுநாள் மத்தியானம் யின்மெய் கதவைத் திறந்தாள். வாசலில் வழக்கம்போல வரிசை. "எனக்கு முப்பத்தோராயிரத்து ஐநூறு" என்றது பெட்டி. வரிசை ஓரடி உள்ளே எடுத்து வைத்தது. அப்போது இன்னொரு தடவை ஆவி வந்தது, அதற்குப் பின்னால் பிஷியாவின் குரல்.

"எனக்கு இருபத்தேழாயிரம். வருஷா வருஷம் ரெண்டாயிரம் தனியா சிவப்பு உறையில வெச்சுக் குடுத்து, உனக்கு மட்டுந்தான், யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னாங்க. எனக்கு மட்டுந்தான்னு நெனச்சேன், யின்மெய். எனக்கு ஒரு மதிப்பு இருக்குன்னு நெனச்சேன். உன் மேல கோவம் இல்லடி. உன் தொகையக் கேட்டதும் வெக்கமாப் போச்சு. அதான் உன் மூஞ்சிய என்னால பாக்க முடியல."

யின்மெய் கதவைப் பிடித்தபடி நின்றாள். ஆறு வருஷம் இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தவளுக்கு இந்தப் பக்கம் ஒன்று இருப்பது தோன்றவே இல்லை. வாசலில் யாரோ டப்பாத் துணியைக் கீழே போட்டார்கள். பொட்டலம் கட்டும் சுன்யே என்பவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"சிவப்பு உறையா? ஓரத்துல தங்கக் கோடு போட்டதா?"

"உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

"எனக்கும் குடுத்தாங்களே! யார்கிட்டயும் சொல்லாதே, மத்தவளுக வயிறெரிவாளுகன்னாங்க."

"எனக்கும் அதே வயிறெரிச்சல் பேச்சுதான்."

"நான் ஒருத்தி, எட்டு வருஷமா என் புருஷன்கிட்டகூடச் சொல்லல!"

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு வரிசை முழுக்கச் சிரித்தது. சிரிப்பு முடியும்போது இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அது சிரிப்பினால் மட்டும் வந்த கண்ணீர் இல்லை. முதலாளியம்மாவுக்கு நான்தான் உயிர், மற்றவர்கள் சும்மா என்று ஒவ்வொருத்தியும் தனியாக நம்பி வாழ்ந்திருந்தாள். அந்த நம்பிக்கைக்காகத்தான் எல்லோரும் வாயைக் கட்டியிருந்தார்கள், கையெழுத்துக்காக அல்ல. கட்டு அவிழ்ந்ததும், அங்கேயே, கையில் சூடான டப்பாவோடு, தொகைகள் வெளியே வந்தன. இருபத்தாறு, இருபத்தொன்பது, முப்பத்திரண்டு. ஒரே மேசை, ஒரே வேலை.

எல்லோரும் சேர்ந்து உள்ளறைக்குப் போனபோது முதலாளியம்மா நிஜமாகவே அழுதார். "உங்கள்ல ஒருத்தியக்கூட நான் வேத்தாளா நெனச்சதில்லையே," என்றார். அது பொய்யில்லை. உறையைக் கையில் கொடுக்கும் அந்த ஒரு நிமிஷம் எதிரில் நிற்பவள் மேல் அவருக்கு உண்மையிலேயே பாசம் பொங்கும். அடுத்தவள் வரும்போது அது அடுத்தவளிடம் போய்விடும். புத்தாண்டு முடிந்ததும் ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் என்றானது. யின்மெய்க்கும் கூடியது. முதலாளியம்மா பயந்தபடி பெட்டி ஒன்றும் செய்யவில்லை, அதே பழைய தொகையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பிஷியாவின் தொகையும் இருபத்தேழாகவே இருந்தது. அந்தச் சமச்சம்பளம் அவளுக்கு மட்டும் கிடைக்கவில்லை.

கூடிய சம்பளத்தின் முதல் உறையிலிருந்து யின்மெய் ரயில் சீட்டு வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை தாவ்யுவானுக்குப் போய், விலாசம் விசாரித்து, ஏழாவது மாடியில் மணியை அடித்தாள். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்: எனக்கும் வெட்கம்தான் அக்கா, உங்களுக்கு அள்ளிக் கொடுக்கிற நினைப்பில் பெருமையடித்துவிட்டேனே, அந்த வெட்கம். பிஷியா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்து, பழம் நறுக்கி வைத்தாள். மெலிந்துவிட்டாய் என்றாள். லுகாங்கில் காற்று நின்றுவிட்டதா என்று கேட்டாள்.

"பெட்டி சொல்லுச்சுக்கா," என்றாள் யின்மெய்.

"எந்தப் பெட்டி?" என்றாள் பிஷியா. குழந்தையின் வாயைத் துடைத்தாள். துடைத்த வாயையே மறுபடி துடைத்தாள். "இங்க கீரை என்ன விலை விக்குது தெரியுமா? ஒரு கட்டு வாங்க மனசு வராது."

அடுப்பில் சூப் கொதித்து மூடியைத் தள்ளிக்கொண்டு ஆவி வந்தது. இருவரும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை, சூப் வாசனை மட்டும் வந்தது. பிஷியா எழுந்துபோய் அடுப்பைக் குறைத்தாள். அதற்குப் பிறகு கீரையைப் பற்றியும், மருமகளின் வேலை நேரத்தைப் பற்றியும், குழந்தைக்கு வந்த இருமலைப் பற்றியும் பேசினார்கள். லிஃப்ட் கதவு மூடும்போது பிஷியா குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டினாள். ரயிலில் யின்மெய் அழுதாள். எதிர் இருக்கைக்காரர் காகிதக் கைக்குட்டையை நீட்டிவிட்டு, நாகரிகமாகத் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். மியாவ்லி நிலையம் தாண்டியபோது அவளுக்குப் புரிந்துவிட்டது. நேரில் சொல்ல முடிந்திருந்தால் அக்கா நேரில் சொல்லியிருப்பாள். ஏழாவது மாடியில் இருப்பவள் ஒருத்தி, தன்னோடு பேசியவள் இன்னொருத்தி. பேசியவள் லுகாங்கில்தான் இருக்கிறாள்.

திங்கட்கிழமை மத்தியானம் அவள் கதவைத் திறந்தாள். முதலில் அவள் குரல், பிறகு பிஷியாவின் குரல். முடிந்ததும் மற்றவர்கள் வந்து டப்பாக்களை எடுத்துக்கொண்டு, அவளிடம் இரண்டு வார்த்தை சிரித்துப் பேசிவிட்டு, பொட்டலக் கொட்டகைக்குப் போனார்கள். அவளை ஒதுக்கவில்லை, ஆறு வருஷப் பழக்கத்தில் அவர்களுக்கு அட்டைப்பெட்டி மேல்தான் சோறு இறங்கியது. வா என்று கூப்பிட்டும் பார்த்தார்கள். வருகிறேன் என்பாள், போகமாட்டாள்.

இப்போது புதிதாக வேலைக்கு வருபவர்கள் அந்தத் தொகைகளைக் கேட்டு, அந்தக் காலத்தில் இவ்வளவுதானா என்று அரிசி விலையைக் கேட்பதுபோல் கேட்டுக்கொள்கிறார்கள். பெட்டி மூன்றாம் தடவையாக மாறிவிட்டது. குரல்கள் மாறவில்லை. போன மாதம் சேர்ந்த ஒரு பெண் டப்பாவை எடுத்த பிறகு கரண்டியை மறந்துவிட்டு வந்து, சாப்பாட்டறைக்குத் திரும்பிப் போகப் பார்த்தாள். சுன்யே அவள் கையைப் பிடித்து நிறுத்தி, தன் கரண்டியைக் கொடுத்தாள்.

"இப்பப் போகாதே. உள்ள யின்மெய்யும் பிஷியா அக்காவும் சாப்பிடுறாங்க."